பத்திரக்காரருக்கு வெச்ச சோறு

உக்காருங்க அம்மிணி. அந்த ஃபேனுக்கு அடியில உக்காருங்க. சத்தம் போடும், ஆனா காத்து வரும். சுகாதாரத்துறையில இருந்து வர்றேன்னு நீங்க சொன்னதும் நான் மொதல்ல அடுப்பைத்தான் திரும்பிப் பாத்தனுங்க. எண்ணெய்ச் சட்டியைப் பாக்க வந்திருக்கீங்களோன்னு நினைச்சேன். உப்புத்தானா? எத்தனை எலை விழுகுது, எத்தனை உப்பு ஆகுதுன்னா கேக்கறீங்க?

எழுதிக்கங்க. மத்தியானத்துக்கு நாப்பது எலை. ஒரு கிலோ உப்புப் பொட்டலம் ரண்டு நாளு, ரண்டரை நாளு வருது. போன வைகாசி வரைக்கும் அறுவது எலை விழுகும், ஒரு நாளைக்கு ஒரு பொட்டலம் தீரும்.

ஏன் கொறைச்சேன்னா? அது ஒரு கதைங்க. உங்களுக்கு நேரமிருக்குதா? குழம்பு கொதி வர்றதுக்கு இன்னும் நேரமிருக்குது. சகாயமேரி பாத்துக்குவா, பதினொரு வருசமா என்கூட இருக்கறவ.

இந்தக் காங்கயத்துல இந்த மெஸ்ஸு இருவத்திரண்டு வருசமா நடக்குது. என்ற வீட்டுக்காரரு லாரியில வடக்க போனவரு திரும்பி வரல. விபத்து கிபத்து ஒண்ணுமில்ல, அங்கயே ஒரு குடும்பம் ஆகிப்போச்சு. அதை விடுங்க. அதுக்குப் பொறவு ஆரம்பிச்சது. பின்னால பத்திர ஆபீசு இருக்குதுங்களா, நெலம் விக்கறவங்க, வாங்கறவங்க, சாட்சிக் கையெழுத்துப் போட வர்றவங்க எல்லாம் இங்கதான் சாப்பாடு. அதுல ஒருத்தருதான் சென்னியப்பன். ஆபீசு வாசல்ல டேபிள் போட்டுப் பத்திரம் எழுதறவரு. அம்பத்தாறு வயசு. கண்ணாலம் பண்ணிக்கல. ஏன்னு நான் கேட்டதில்ல. பதினெட்டு வருசமா மூணு வேளையும் இங்கதான்.

அதோ, சமையக்கட்டுக் கதவோரம் ஒரு டேபிள் இருக்குது பாருங்க, அதுதான் அவரு எடம். வேற யாராவது உக்காந்தா எந்திரிச்சு அக்கட்ட போகச் சொல்லிருவேன். ரெகுலரா வர்றவருக்கு ஒரு மரியாதை வேணுமில்லீங்களா. அதுக்கு மேல ஒண்ணுமில்ல. இந்த ஊரு ஆயிரம் பேசும்.

எல்லாருக்கும் ஒரு அப்பளம்னா அவருக்கு மூணு. மோர் மொளகா ரண்டு. நார்த்தங்கா ஊறுகா. தயிர்ச் சோத்துக்கு மேல ஒரு சிட்டிகை உப்பு தூவோணும், அவருக்கு அப்பத்தான் உள்ள எறங்கும். பொரியலைத் தொட மாட்டாரு. எலையில ஓரமா ஒதுக்கி வெச்சிருப்பாரு. ரண்டு மூணு வருசம் பாத்தேன், பொறவு பொரியல் வெக்கறதையே விட்டுட்டேன். அந்த எடத்துல வத்தக்கொழம்பு அடி வண்டலை வெப்பேன். தனி ஆளு. வீட்டுக்குப் போனா யாரு இதெல்லாம் செஞ்சு தருவா, சொல்லுங்க.

போன மாசி மாசம் ஆபீசு முன்னால பிரஷர் பாக்கற முகாம் போட்டாங்க. உங்க ஆளுங்கதான் போட்டிருப்பாங்க. அவரும் சும்மா போய் கையை நீட்டியிருக்காரு. மேல நூத்தி எம்பது, கீழ நூத்திப்பத்து. மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. மத்தியானம் இங்க வந்து உக்காந்தவரு, எலையை விரிக்காம என்கிட்டச் சொன்னாரு.

"ஏனுங், உப்பைக் கம்மி பண்ணச் சொல்லியிருக்காங்க. காய் நெறைய திங்கோணுமாம். எனக்கு மட்டும் சித்தெ தனியா எடுத்து வெக்க முடியுமுங்களா?"

எனக்கு எப்படி இருந்திருக்கும் பாருங்க. பதினெட்டு வருசம் என்ற கையில சாப்பிட்டவரு, எவனோ ஒருத்தன் கையில பட்டையைச் சுத்திக் காத்தடிச்சு ஒரு நெம்பரைச் சொன்னதும், என்ற சாப்பாட்டுல குத்தம்னு வந்து நிக்கறாரு. அவரு குத்தம்னு சொல்லல. எனக்கு அப்படித்தான் கேட்டுச்சு.

சரின்னேன். மக்யா நாளு விடிஞ்சதும் தனியா ஒரு சட்டியில பருப்பை வேக வெச்சேன். உப்புப் போடல. ஒரு கல்லுக்கூடப் போடல. புளி போடல, தாளிக்கல. முட்டைக்கோசைத் தண்ணியில வேக வெச்சேன். அதையும் இதையும் எலையில கொட்டிட்டு உள்ள வந்துட்டேன். டாக்டரு சொன்ன சாப்பாடு இதுதானே, சாப்பிடட்டும்னு. அவரு தின்னாரு. ரண்டாம் நாளும் தின்னாரு. மூணாம் நாளு பாதியில எலையை மடக்கிட்டு, "பழையபடியே வெச்சிருங்க"ன்னாரு.

மக்யா நாளு நாலு அப்பளம் வெச்சேன்.

நீங்க என்னை அப்படிப் பாக்காதீங்க அம்மிணி. உப்பைக் கொறைச்சா அதுக்கு ஈடா எலுமிச்சம்பழம், மொளகு, கொத்தமல்லின்னு போட்டு ருசியாக் கொண்டு வரலாம்னு இப்பத் தெரியுது. அப்பத் தெரியாது. தெரிஞ்சிருந்தா செஞ்சிருப்பேனான்னு கேட்டா, அதை இப்ப எப்படிச் சொல்றது.

நடக்கச் சொன்னாங்கன்னு சாயங்காலத்துல டெப்போ வரைக்கும் நடந்துட்டு வருவாரு. வேர்த்து விறுவிறுத்து வர்ற மனுசனுக்குச் சும்மாவா தண்ணி குடுக்கறது. சூடா ரண்டு போண்டா எடுத்து வெப்பேன். பாவம், அதுக்குப் பொறவு நடக்கறதையும் விட்டுட்டாரு. நடந்துட்டு வந்து போண்டா திங்கறதுக்கு நடக்காமயே திங்கலாமில்லன்னு சிரிச்சாரு. நானும் சிரிச்சேன்.

மாத்திரை விசயம் ஒண்ணு இருக்குது. அதை நல்லாக் கேட்டுக்கங்க, ஏன்னா இந்த ஊரு அதை வேற மாதிரி சொல்லிட்டுத் திரியுது. நான் மாத்திரையை நிறுத்தச் சொல்லல. அது போட்டா தலை கிறுகிறுங்குதுன்னாரு. அப்படீன்னா ரண்டு நாள் விட்டுத்தான் பாருங்களேன்னேன். ரண்டு நாளுன்னுதான் சொன்னேன். அவரு ரண்டு மாசம் விட்டுட்டாரு. அதுக்கு நான் என்ன பண்றது? டாக்டர்கிட்டப் போய்த் தலை சுத்துதுன்னு சொன்னா வேற மாத்திரை மாத்திக் குடுப்பாங்களாம். எங்களுக்கு யாரு சொன்னா?

வைகாசியில ஒரு பெரிய முகூர்த்த நாளு. முகூர்த்தம்னா பத்திர ஆபீசுல கூட்டம் அள்ளும், எனக்கும் கை ஓயாது. காத்தால எட்டு மணிக்கு வந்து உக்காந்தாரு. ரண்டு இட்லி தின்னிருப்பாரு. காபி டம்ளர் கையில இருந்து நழுவிக் கீழ உருண்டுச்சு. எடுக்கறதுக்குக் குனிஞ்சவரு அப்படியே சாஞ்சுட்டாரு. வாயி ஒரு பக்கம் இழுத்துட்டு இருந்துச்சு. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்.

உடனேன்னா, மொதல்ல மயக்கம்னுதானே யாரும் நினைப்பாங்க. பித்தம் ஏறியிருக்கும், ராத்திரி பத்திரம் எழுதிட்டுத் தூங்கியிருக்க மாட்டாருன்னு நினைச்சேன். நானும் சகாயமேரியும் புடிச்சுக் கொண்டு போய் அரிசி மூட்டை பக்கத்துல இருக்கற பெஞ்சுல படுக்க வெச்சோம். மோர்ல உப்புப் போட்டுக் கலக்கிக் குடுத்தேன். பாதி வெளிய வழிஞ்சுது. சித்தெ தூங்கி எந்திரிச்சாச் சரியாப் போயிரும்னு ஒரு துண்டை மேல போத்தினேன்.

அப்பப் பாத்து ஒரே நேரத்துல பதினஞ்சு பேரு டிபனுக்கு வந்துட்டாங்க. அதுக்குப் பொறவு மத்தியானச் சோறு. மொத அண்டா வடிச்சேன், ரண்டாவது அண்டா ஒலை வெச்சேன். சகாயமேரி ரண்டு வாட்டி வந்து, அக்கா, அவரு முழிச்சுட்டேதான் இருக்காரு, பார்வை சரியில்லக்கான்னா. தூங்கட்டும், நீ போய் எலை போடுன்னேன். பன்னெண்டு மணிக்கு நான் போய்ப் பாத்தப்பத்தான் வலது கை பெஞ்சுக்கு வெளிய தொங்கிட்டு இருந்துச்சு. தூக்கி வெச்சேன், மறுக்காத் தொங்கிருச்சு. அப்பத்தான் காருக்குச் சொன்னோம். இங்க ஒரு ஆஸ்பத்திரி, அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரி. போய்ச் சேரறப்ப மணி ரண்டு.

அந்த டாக்டரு சின்ன வயசுக்காரரு. எத்தனை மணிக்கு ஆச்சுன்னு கேட்டாரு. எட்டுன்னு சொன்னேன். டாக்டர்கிட்டப் பொய் சொல்லக் கூடாதில்லீங்களா. அவரு செவுத்துல இருந்த கடிகாரத்தைப் பாத்தாரு. மூளைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருக்குது, நாலரை மணி நேரத்துக்குள்ள வந்திருந்தா அடைப்பைக் கரைக்கற ஊசி போட்டுப் பாத்திருக்கலாம்னாரு. திட்டல. திட்டியிருந்தாப் பரவாயில்ல.

சாயங்காலம் தங்கச்சி வந்தாங்க. கருணாம்பாள்னு பேரு, பெருந்துறையில வீடு. எப்பண்ணா ஆச்சு, எப்பண்ணா ஆச்சுன்னு பேச்சில்லாத மனுசனைப் போட்டு உலுக்குறாங்க. நான்தான் சொன்னேன், ஆனதும் உடனே கொண்டாந்துட்டோமுங்கன்னு.

உசுரு பொழைச்சுது. வலது கையும் காலும் போச்சு, பேச்சும் போச்சு. எழுத்துக்காரருக்கு வலது கை போனா என்ன மிச்சம். பெருந்துறைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. பத்து நாள் கழிச்சு அவரு டேபிள்ல இருந்த கண்ணாடி, பேனா, டப்பாவை எடுத்துட்டுப் போக அந்தம்மா இங்க வந்துச்சு. மத்தியானம் ஒரு மணி, அம்பது பேரு சாப்பிட்டுட்டு இருக்காங்க. அத்தனை பேரு முன்னால, "உப்பும் எண்ணெயுமாப் போட்டே எங்கண்ணனைப் படுக்க வெச்சுட்டீங்க. அவரு கேட்டும் கொறைக்கலையாமா"ன்னுச்சு. சோத்தைப் பெசைஞ்ச கை அப்படியே நிக்குது.

என்ற ஆத்தாமை அதுதான் அம்மிணி. ஒறம்பரை, சொந்தம்னு ஒரு நாளு ஒரு வாய்ச் சோறு போட்டிருப்பாங்களா அவருக்கு? பொங்கலுக்கு ஒருக்காப் போவாரு, அன்னிக்கே திரும்பி வந்துருவாரு. பதினெட்டு வருசம் ஆக்கிப் போட்டவ நானு. என்னைப் பாத்து அந்த வார்த்தை.

அந்த வைராக்கியத்துலதான் மக்யா நாளு நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்து ஸ்டெல்லா சிஸ்டர்கிட்டப் போனேன். உப்பைக் கொறைச்சுட்டு ருசியா ஆக்கறது எப்படின்னு கேட்டேன். அவங்கதான் எல்லாம் சொன்னாங்க. உப்பைக் கடைசியாப் போடு, பாதியாப் போடு. புளிப்பு தூக்கலா இருந்தா உப்புக் கொறை தெரியாது. ஊறுகாயும் அப்பளமும்தான் பெரிய திருடன், அதை மொதல்ல எடு. பாதி எலைக்குக் காய் வை. ஒரே நாள்ல கொறைக்காத, வாரா வாரம் ஒரு கை கொறைன்னாங்க. அப்படியே செஞ்சேன். கொள்ளுப் பருப்பு, கீரை, அவரக்கா. மொதல்ல மொணங்குனாங்க. இருவது பேரு எதுத்தாப்புல இருக்கற கடைக்குப் போயிட்டாங்க. போனவங்க போகட்டும். ஒருத்தரு மட்டும், ஏனுங்க, இப்பத்தான் உங்க குழம்புல மல்லி வாசமே தெரியுதுங்கன்னாரு. அதையே அந்தம்மா காதுல விழற மாதிரி யாராவது சொல்ல மாட்டாங்களான்னு இருந்துச்சு.

அன்னிக்கே சிஸ்டர் எனக்கும் பட்டையைச் சுத்திப் பாத்தாங்க. எனக்கும் நூத்தி எழுவதாம். எந்திரிச்ச நேரத்துல இருந்து அடுப்புக்கிட்டயே நிக்கறவளுக்கு ஏறத்தான் செய்யும். மாத்திரை குடுத்தாங்க, சாமி படத்துக்குப் பின்னால பத்திரமா இருக்குது. எனக்கென்னங்க, நான் ஓடியாடி வேலை செய்யறவ. அவரு உக்காந்தே இருந்த ஆளு.

ஞாயித்துக்கிழமை மெஸ்ஸு லீவு. தூக்குப் போசியில சோறு, குழம்பு, கீரை எல்லாம் எடுத்துட்டு சென்னிமலை வழியா பஸ்ஸு ஏறிப் பெருந்துறைக்குப் போனேன். மொத வாரம் கருணாம்பாள் வாசல்லயே நிறுத்தித் திருப்பி அனுப்பிட்டாங்க. ரண்டாவது வாரம் போசியைத் தொறந்து ஒரு சொட்டுக் கையில ஊத்தி நக்கிப் பாத்தாங்க. நம்ம வீட்டை விட உப்புக் கம்மியா இருக்குதேன்னு அவங்களாச் சொன்னாங்க. மூணாவது வாரம் உள்ள விட்டாங்க.

கட்டல்ல சாஞ்சு உக்காந்திருந்தாரு. இளைச்சுட்டாரு. என்னைப் பாத்ததும் எடது கையைத் தூக்கி வட்டமாக் காட்டுனாரு. அப்பளமாம். அந்த வீட்டுல தெனமும் அதுக்குத்தான் சண்டையாம், தட்டைத் தள்ளி விட்டுருவாராம். நான் இல்லைங்கன்னு தலையாட்டினேன். அவருக்கு நான் இல்லைன்னது அதுதான் மொதத் தடவை. செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன். பொறவு கீரையைப் பெசைஞ்சு கிட்டக் கொண்டு போனேன், வாயைத் தொறந்தாரு. தின்னாரு அம்மிணி, பொரியல் மொதக்கொண்டு தின்னாரு. கருணாம்பாள் கதவுகிட்ட நின்னு பாத்துட்டு இருந்தாங்க.

அதுல இருந்து வாராவாரம் போவேன். அவருக்குப் பிரஷர் எறங்கி நின்னுச்சு. கம்பைப் புடிச்சு வாசல் வரைக்கும் நடக்க வெச்சாங்க. ஒரு நாளு கருணாம்பாள் எனக்குக் காபி போட்டுக் குடுத்துச்சு. குடுத்துட்டு, நீங்க உடனே கொண்டு போனதாலதான் உசுராவது மிஞ்சுச்சுன்னுச்சு. நான் காபியைக் கீழ வெச்சுட்டு, போசியைக் கழுவ எந்திரிச்சுட்டேன்.

ஐப்பசியில பேச்சுப் பழக்கறதுக்கு ஒரு பொண்ணு வீட்டுக்கே வந்துச்சு. ஒண்ணு ரண்டு வார்த்தை வருதுன்னாங்க. தண்ணி, போதும், கருணா. நான் வேண்டாத சாமியில்லைங்க, அவருக்குப் பேச்சு வரோணும்னு. சிவன்மலைக்கு நடந்தே வர்றேன்னு வேண்டியிருந்தேன்.

அந்த ஞாயித்துக்கிழமை சோறு ஊட்டிட்டு இருக்கறேன். கருணாம்பாள் அடுத்த ரூம்புல துணி மடிச்சுட்டு இருக்காங்க. அவரு வாயில இருந்ததை முழுங்கிட்டு என்னையே பாத்தாரு. வாயைக் கோணிக் கோணி, ரொம்ப நேரம் பாடுபட்டு ஒரு வார்த்தை சொன்னாரு.

"கூப்ட்டேன்."

உங்ககிட்ட ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன் அம்மிணி. அன்னிக்குப் பெஞ்சுல படுத்திருந்தாருன்னு சொன்னனில்ல. ஒரு சத்தம் வந்துச்சு. பேரு சொல்லி இல்ல, வாயி வரலையே. ஊம் ஊம்னு, அடுப்புச் சத்தத்துக்கு நடுவுல. ரண்டு மூணு வாட்டி. எனக்குக் கேட்டுச்சு. ஒலை கொதிச்சுட்டு இருந்துச்சு, கையில கரண்டி இருந்துச்சு, தண்ணி கேக்கறாருன்னு நினைச்சேன். கேட்டுச்சு, ஆனா போகல.

கருணாம்பாள் உள்ள இருந்து என்ன சொல்றாருன்னு கேட்டாங்க. உங்களைக் கூப்பிடறாரு போல இருக்குதுங்கன்னேன். அவங்க ஓடி வந்தாங்க. அவரு கண்ணை மூடிக்கிட்டாரு.

அதுக்குப் பொறவு மூணு ஞாயித்துக்கிழமை போகல. முகூர்த்தம், வேலைன்னு சொல்லிப் போசியை மட்டும் பஸ் கண்டக்டர்கிட்டக் குடுத்து விட்டேன். மொத ரண்டு வாரம் போசி கழுவித் திரும்பி வந்துச்சு. மூணாவது வாரம் குடுத்தது குடுத்தபடியே வந்துச்சு, தொடவேயில்ல. முந்தாநாளு கருணாம்பாள் போன் பண்ணுனாங்க. அண்ணன் சரியாச் சாப்பிட மாட்டேங்கறாரு, வாசலையே பாத்துட்டு இருக்காரு, கூப்ட்டேன் கூப்ட்டேன்னு அதையே சொல்றாரு, உங்களுக்கு அது என்னன்னு தெரியுமான்னு கேட்டாங்க.

இங்கதான் நின்னுட்டு இருந்தேன், இந்த டேபிளைப் புடிச்சுட்டு. தெரியுமுங்கன்னேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன். எட்டு மணி, மோரு, துண்டு, பன்னெண்டு மணி. மாத்திரையை விட்டுப் பாருங்கன்னதையும் சொன்னேன்.

அப்பறம் சொன்னாங்க. "தெரியுமுங்க மயிலாத்தாக்கா. ஆஸ்பத்திரிச் சீட்டுல மணி எழுதியிருக்குது. மொத மாசமே படிச்சுட்டேன்."

அப்பறம் எதுக்குங்க என்னை வீட்டுக்குள்ள விட்டீங்கன்னு கேட்டேன்.

"உங்க கையிலதான் தின்னாரு. அதுக்காக விட்டேன். நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்துட்டு இருந்தேன். காபி குடுத்த அன்னிக்குச் சொல்லுவீங்கன்னு நினைச்சேன்." பொறவு, "ஞாயித்துக்கிழமை வாங்க. அவருகிட்டச் சொல்லுங்க. என்கிட்ட மட்டும் மன்னிப்புக் கேக்காதீங்க, என்னால முடியாது"ன்னுட்டு வெச்சுட்டாங்க.

நாளன்னிக்கு ஞாயித்துக்கிழமை. போறதுன்னு முடிவு பண்ணிட்டேன். கருணாம்பாள் மூஞ்சியை எப்படியாவது பாத்துருவேன். அவரு மூஞ்சியைப் பாத்துட்டு எங்கிருந்து ஆரம்பிக்கறதுன்னுதான் தெரியல. நான் வேணும்னு செய்யலீங்கன்னு சொல்லலாம்னு பாத்தேன், அது அவருக்கே தெரியும். கேட்டுச்சுங்க, எனக்குக் கேட்டுச்சு, வரலைன்னு சொல்லோணும். அது மட்டுந்தான் சொல்றதுக்கு இருக்குது.

என்ன ஆக்கிட்டுப் போறதுன்னும் தெரியலைங்க. நேத்துப் பூரா யோசிச்சேன். பொறவுதான் வெறுங்கையோட போயிரலாம்னு தோணுச்சு. அங்க போய்ப் பக்கத்துல உக்காந்து, என்ன வேணுமுங்கன்னு அவருகிட்டயே கேக்கோணும். பதில் சொல்றதுக்கு அவருக்கு ரொம்ப நேரம் ஆகும். ஆகட்டும், உக்காந்திருக்கேன்.